சார்ஜரையும் தராசில் வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் இப்போது லேப்டாப் வாங்கக் கிளம்புகிறார்கள், மீதிப் பேர் வாங்கிவிட்டு வந்து புலம்புகிறார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுபோனதால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய மெஷினைக்கூட அலுவலகங்கள் ஓரங்கட்டிவிட்டன. எங்கள் நிறுவனம் சிறியது. ஆளுக்கு ஒரு தொகையைக் கொடுத்து, பிடித்ததை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பெருந்தன்மை என்றுதான் அன்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கிருந்த தம்பி ஒரு லேப்டாப்பை இரண்டே விரலால் தூக்கிக் காட்டி, "ஆன்ட்டி, நோட்டுப் புத்தகம் மாதிரி இருக்கு பாருங்க" என்றார். தினமும் காலையில் சிங்கப்பூர் ரயிலில் ஈசூனில் ஏறி ராஃபிள்ஸ் பிளேஸ் வரைக்கும், உட்கார இடம் கிடைக்காமல், தோளில் பையோடு நின்றுகொண்டே போகிறவளிடம் இப்படிக் காட்டினால் என்ன ஆகும்? விழுந்துவிட்டேன். மகன் மட்டும் "ரேம் எவ்வளவுன்னு கேட்டீங்களாம்மா?" என்றான். ரேம் என்பது ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கிற வேலைகளைத் தாங்கும் நினைவகம். கேட்கவில்லை.

இரண்டாவது வாரமே காலாண்டுக் கணக்குக் கூட்டம். அறையில் பெரிய திரையோடு இணைக்கத் தொங்கிக்கொண்டிருந்தது எச்டிஎம்ஐ கேபிள், என் லேப்டாப்பில் இருப்பதோ இரண்டே இரண்டு யுஎஸ்பி-சி போர்ட். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார், நான் லேப்டாப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறேன், இல்லாத துளை எங்கிருந்து வரும்? கடைசியில் பக்கத்து மேசைக்காரரின் தடித்த பழைய மெஷின்தான் மானத்தைக் காப்பாற்றியது. அன்று மாலையே 60 வெள்ளி கொடுத்து, பல வகைத் துளைகள் உள்ள ஒரு ஹப் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து, தீபாவளிக்கு முறுக்கு மாவு நிறுக்கிற தராசை எடுத்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். லேப்டாப் 1.2 கிலோ, அதில் பொய் இல்லை. சார்ஜர் வயரோடு 340 கிராம், ஹப் 90. ஆக 1.6 கிலோவைத் தாண்டிவிட்டது, உறையை இன்னும் வைக்கவே இல்லை. நம் ஊர் மூன்று முனை பிளக் இருக்கிறதே, அது லேப்டாப்பைவிடத் தடிமன்! தோளில் தொங்கப்போவது இந்த மொத்த மூட்டைதான், ஆனால் பெட்டியில் அச்சடித்திருப்பது லேப்டாப்பின் எடையை மட்டும்.

விளம்பரத்தில் 'ஸ்லிம் அண்ட் லைட்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஒல்லி வேறு, லேசு வேறு. என் பெரியப்பா மகன் ஒல்லிதான், தூக்கிப் பார்த்தால் தெரியும். 2022-இல் எம்2 சிப்போடு வந்த, ஆப்பிளின் 13 அங்குல மேக்புக் ஏரின் தடிமன் 11.3 மில்லிமீட்டர், எடை 1.24 கிலோ. லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் 14 அங்குலம், தடிமன் 15 மில்லிமீட்டரை ஒட்டி வரும், எடையோ 1.1 கிலோவுக்குப் பக்கத்தில்தான். தடித்ததுதான் லேசாக இருக்கிறது, ஏனென்றால் அதன் உடம்பு கார்பன் நாரும் மெக்னீசியக் கலவையும், மற்றது அலுமினியம். அந்தக் கூடுதல் மூன்று நான்கு மில்லிமீட்டரில் எச்டிஎம்ஐ போர்ட்டும் பழைய பென்டிரைவ் செருகும் நீள்சதுரத் துளையும் அடங்கிவிடுகின்றன. நாம் சுமப்பது எடையை. தடிமனை யார் சுமக்கிறார்கள்? பையில் அதற்கு இடமா இல்லை?

இந்த ஒல்லிப் பைத்தியம் இன்று நேற்று வந்ததல்ல. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் மேக்புக் ஏரை ஒரு அலுவலகக் கடித உறைக்குள்ளிருந்து உருவிக் காட்டியதிலிருந்து எல்லாரும் அந்த உறையைத்தான் துரத்துகிறார்கள். உறைக்குள் புகுந்த அந்த மெஷினில் இருந்தது ஒரே ஒரு யுஎஸ்பி போர்ட்.

போர்ட் போனால் ஹப் வாங்கிச் சமாளிக்கலாம், ரேம் போனால் ஒன்றும் செய்ய முடியாது. ஒல்லி லேப்டாப்புகள் பெரும்பாலானவற்றில் ரேமை உள்ளே பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குத் தூக்கிக்கொண்டு போனால் பின்மூடியைத் திறந்து இன்னொரு துண்டைச் செருகித் தருவார்கள், இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது. வாங்கும்போது என்ன இருக்கிறதோ அதோடுதான் நாலைந்து வருடம் குடும்பம் நடத்த வேண்டும். என்னுடையது 8 ஜிபி. டீம்ஸ், இரண்டு பெரிய எக்செல், குரோமில் பத்துப் பதினைந்து பக்கங்கள், இவ்வளவுதான் என் வேலை. அதற்கே மதியத்துக்குள் மூச்சு வாங்குகிறது. ஆப்பிள்கூட 2024 அக்டோபரில் மேக்புக் ஏரை 16 ஜிபிக்குக் குறைந்து விற்பதில்லை என்று விலையை ஏற்றாமலே மாற்றிக்கொண்டது. ஆகவே காசு போதவில்லை என்றால் சிப்பில் ஒரு படி இறங்குங்கள், ரேமில் இறங்காதீர்கள். கணக்கு எழுதுகிறவருக்கும் கடிதம் அடிக்கிறவருக்கும் பெரிய சிப் வெறும் சூடுதான். ஒல்லி உடம்பில் அந்தச் சூடு போக இடமில்லாமல், கொஞ்ச நேரத்தில் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொடுத்த காசு காற்றில் போகும்.

சிப் என்றதும் இன்னொன்று. விண்டோஸிலேயே இப்போது, கைபேசிகளில் இருப்பது போன்ற ஆர்ம் வகைச் சிப் வைத்த லேப்டாப்புகள் வருகின்றன. சத்தமில்லை, பேட்டரியும் நன்றாக நிற்கிறது. பழைய மென்பொருள்களையும் பெரும்பாலும் எப்படியோ ஓட்டிவிடுகின்றன. ஆனால் பிரிண்டர், ஸ்கேனர் போன்றவற்றைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருள் அந்தச் சிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். அலுவலகத்தில் பத்து வயதான லேபிள் பிரிண்டர் இருந்தால், முதலில் ஐடி ஆளிடம் கேட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

நம் வாசகர்களுக்காக விசைப்பலகை பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். கோயில் கூட்டக் குறிப்புகளை நான்தான் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் அடிக்கிறேன். அதில் 'க்க' வர ஒரே விசையை இரண்டு முறை தட்டினால் போதும், புள்ளி தானாக வந்துவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் ஒல்லி லேப்டாப்பில் விசை கீழே இறங்குகிற தூரமும் ஒல்லியாகிவிடுவதால், இரண்டாவது தட்டு சில நேரம் பதிவதே இல்லை. 'அக்கா' என்று அடித்தால் 'அகா' என்று வருகிறது. 'பக்கத்து' எப்படி வருகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. விசை ஒன்றரை மில்லிமீட்டராவது இறங்க வேண்டும் என்பது என் அனுபவம். கடையில் வைத்திருக்கிற மெஷினில் தமிழ் இருக்காது, பரவாயில்லை. இரட்டை எழுத்து வருகிற ஆங்கிலச் சொற்களை ஐந்து நிமிடம், நின்றபடி இல்லாமல் ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்து, அடித்துப் பாருங்கள். கடைத் தம்பி முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

திரையின் அகல-உயர விகிதம் 16:10 என்று போட்டிருந்தால் நல்லது, 1080-க்குப் பதில் 1200 புள்ளி உயரம் கிடைக்கும், எக்செல்லில் ஐந்தாறு வரி கூடுதலாகத் தெரியும். பேட்டரியில் '18 மணி நேரம்' என்பதை நம்பாதீர்கள், வெளிச்சத்தைக் குறைத்து வீடியோ ஓட்டி அளக்கிற கணக்கு அது. பேட்டரியின் கொள்ளளவு எத்தனை வாட்-மணி என்று பார்த்து, அதே மாதிரி மெஷின்களோடு ஒப்பிடுவதே மேல்.

திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். போனேன். 2012 செப்டம்பரிலிருந்து நம்மிடம் 'லெமன் சட்டம்' இருக்கிறது, ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்த பழுதாகவே எடுத்துக்கொள்வார்கள், அப்படி இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. "பழுது என்னங்க?" என்று கேட்டார்கள். என்ன சொல்வது? போர்ட் இல்லாதது பழுதல்ல, 8 ஜிபியும் பழுதல்ல. இரண்டும் பெட்டியில் தெளிவாகவே அச்சாகியிருக்கின்றன, நான்தான் படிக்கவில்லை.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். நம் பத்திரிகையில் இனி லேப்டாப் பற்றி எழுதும்போது சார்ஜரோடு சேர்த்த எடையையும், ரேமைப் பின்னால் கூட்ட முடியுமா என்பதையும், தமிழ்99-இல் 'அக்கா' ஒழுங்காக வருகிறதா என்பதையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள். தராசு வேண்டுமென்றால் என்னுடையதைத் தருகிறேன், தீபாவளிக்கு முன்னால் திருப்பித் தந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி