கேள்வித்தாளில் வராத அடுப்படி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஊட்டச்சத்துத் திட்டங்கள் பற்றி உங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளைத் தவறாமல் வாசிக்கிறேன். பதினோரு வருடம் உணவுக் கணக்கெடுப்பு வேலை பார்த்தவள் என்ற முறையில் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

'நேற்றுக் காலையிலிருந்து இரவு படுக்கும்வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்?' இதுதான் எங்கள் கேள்வி. கையோடு கொண்டுபோன கிண்ணத்தைக் காட்டி அளவு கேட்டு எழுதிக்கொள்வோம். வீட்டுக்கு இருபது நிமிடம்தான். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டதால் ஒரே வீட்டில் மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். முந்தைய நாள் மதியம் இரண்டு கிண்ணம் சாப்பிட்டதாக அந்த அம்மா சொல்லியிருந்தார். அன்று மாமனாருக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறினார். கணவருக்கு ஒரு பங்கை மூடி வைத்தார். அப்புறம் பானையின் அடியில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டி, தட்டுகூட எடுக்காமல், நின்றபடியே சாப்பிட்டு முடித்தார். என் கிண்ணத்தில் கால்வாசிகூட இருக்காது. அவர் பொய்க்காரர் அல்ல. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் இதை எப்படிச் சொல்வார்?

இப்படிக் கூடவே இருந்து பார்ப்பதைத்தான் இனவரைவியல் என்கிறார்கள். 1930களில் ஆட்ரி ரிச்சர்ட்ஸ் என்ற மானிடவியலாளர், இன்று ஜாம்பியா எனப்படும் நாட்டில் பெம்பா மக்களோடு தங்கினார். மக்காச்சோளக் கதிர்களைச் சுட்டுத் தின்றவர்களே சற்று நேரத்தில், இன்று ஒன்றுமே சாப்பிடவில்லை என்று சொல்வதைக் கேட்டார். கேழ்வரகு மாவில் கிண்டிய களி உள்ளே போனால்தான் அவர்கள் கணக்கில் அது சாப்பாடு. படிவத்தோடு போனவர் 'பட்டினி' என்று எழுதிவிட்டு வந்திருப்பார்.

கொள்கை வகுப்பவர்களுக்கு இது ஏன் முக்கியம்? தமிழ்நாட்டில் 1980-ல் உலக வங்கி உதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. குழந்தைகளை எடை பார்ப்பது, மெலிந்தவர்களுக்குக் கூடுதல் உணவு, தாய்மாருக்கு ஆலோசனை எல்லாம் அதில் இருந்தன. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு குறைந்தது. அதையே முன்மாதிரியாக வைத்து 1990களில் வங்கதேசத்தில் ஒரு திட்டம் வந்தது. எதிர்பார்த்த பலன் வரவில்லை. ஆலோசனை சொன்னதெல்லாம் தாய்மாரிடம். ஆனால் அங்கே சந்தைக்குப் போய் வாங்குவது பெரும்பாலும் ஆண்கள். கூட்டுக் குடும்பங்களில் அடுப்படி மாமியார் கையில். கேட்டதை மனதில் வாங்கிக்கொண்ட தாய்க்கு அதைச் செய்யும் அதிகாரம் இல்லை. வீட்டில் யார் வாங்குகிறார், யார் பரிமாறுகிறார் என்பதைத் திட்டம் தீட்டும் முன்பே பார்த்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

பத்து வீட்டைப் பார்த்து ஒரு நாட்டுக்கே முடிவெடுக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது, சரி. எத்தனை பேர் என்பதைக் கணக்கெடுப்புதான் சொல்லும். ஆனால் எதை எண்ண வேண்டும் என்பதை அந்தப் பத்து வீடுகள் சொல்லிவிடும். ஆகவே திட்டத்தை விரிவாக்கும் முன் சில வீடுகளில் சில மாதங்களாவது ஆட்கள் பழகி இருக்கட்டும். தானியம் தீர்ந்துபோகும் மாதங்களிலும் இருக்கட்டும். அவர்களுடைய குறிப்பேடுகளைப் புள்ளிவிவர அட்டவணைகளோடு சேர்த்தே கொள்கைக் குழு படிக்கட்டும்.

உங்கள் நிருபர்களும் அடுத்த ஊட்டச்சத்து அறிக்கை வெளியாகும்போது ஒரு வீட்டில் ஒரு வாரமாவது இருந்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கெடுப்பாளர் ஒருவர்