கந்தசாமிக்கு: வல்லாரை வந்து சேர்ந்தது

கன்னங்குறிச்சி, சேலம்
மே 9

அன்புள்ள கந்தசாமி,

நீ ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பொட்டலம் நேற்றுக் காலை பத்தரை மணிக்குக் கைக்கு வந்தது. ஈரத்துணி, அதன்மேல் வாழை இலை, அதற்கும் மேல் செய்தித்தாள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி இறங்கிய பிறகும் ஓர் இலைகூட வாடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தபோது உன் வாய்க்கால் ஓரத்து ஈர மண்ணின் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. சரோஜா கட்டிலில் இருந்தபடியே, "அண்ணன் வல்லாரை அனுப்பிவிட்டாரா?" என்று கேட்டாள். வந்த நாளிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆனால் செய்து, சாப்பிட்டு, அது எப்படி இருந்தது என்று தெரிந்த பிறகு எழுதலாம் என்று ஒரு நாள் தள்ளினேன்.

அவள் கையைப் பற்றிக் கேட்டிருந்தாய். பின்கட்டில் துணி துவைக்கும் கல் அருகே வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டு இன்றோடு 19 நாள். ஆறு வாரம் என்று சொல்லியிருக்கிறார்கள், ஜூன் முதல் வாரத்தில் பிரித்துவிடுவார்கள். வலி குறைந்துவிட்டது. பசிதான் போய்விட்டது. அக்னி நட்சத்திரம் தொடங்கி இன்று ஆறாவது நாள். பதினோரு மணிக்கே மொட்டை மாடியின் சூடு கூரை வழியாக இறங்கிவிடுகிறது. குழம்பு, ரசம் எதை வைத்தாலும் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். போன வாரம் ஒரு மத்தியானம், "சிர்சியில் அஜ்ஜி செய்வாரே, தம்புளி, அது கிடைத்தால் சாப்பிடுவேன்" என்றாள். கீரையை அரைத்து மோரில் கலந்து சோற்றில் ஊற்றிக்கொள்வதுதான் தம்புளி. அதனால்தான் உனக்கு வல்லாரை கேட்டு எழுதினேன்.

சிர்சியைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். வங்கி வேலையில் 1986 முதல் 1990 வரை அங்கே இருந்தோம். கர்நாடகத்தின் மலைநாட்டில் இருக்கும் ஊர், கொட்டும் மழை, எங்கு பார்த்தாலும் பாக்குத் தோட்டம். வீட்டுக்காரரின் தாயாரை எல்லோரும் அஜ்ஜி, அதாவது பாட்டி, என்றே அழைப்பார்கள், நாங்களும் அப்படியே அழைத்தோம். பாக்கு மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அடியில் வாய்க்கால் ஓரமெல்லாம் வல்லாரை படர்ந்திருக்கும். தினமும் பதினோரு மணிக்கு அஜ்ஜி ஒரு சின்னத் தட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போவார். அன்றைக்கு வேண்டியது ஒரு கைப்பிடி, அதற்கு மேல் ஓர் இலை பறிக்கமாட்டார். ஒரு காம்புக்கு ஓர் இலைதான் என்பதால் கன்னடத்தில் அதற்கு ஒந்தெலக என்று பெயர். நம் கற்பூரவல்லியைத் தொட்டபத்ரே என்பார்கள், பெரிய இலை என்று பொருள்.

தம்புளி என்ற பெயரை அவர்கள் தம்பு, ஹுளி என்று பிரித்துச் சொல்வார்கள். குளிர்ச்சி, புளிப்பு. எனக்கு அது முதல் நாளே தண்புளி என்றுதான் காதில் விழுந்தது. நம் பால் அங்கே ஹாலு, நம் பூ ஹூவு, நம் புளி ஹுளி. இந்த ஒரு சொல்லில் மட்டும் பழைய புளி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். வேற்றூரில், வேற்று மொழியில், சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்துவிட்ட மாதிரி அன்று ஒரு சந்தோஷம்.

இது நம் தயிர்ப்பச்சடி அல்ல. பச்சடி கெட்டியாக இருக்கும், தொட்டுக்கொள்ள வைப்போம். மோர்க்குழம்பும் அல்ல, அது அடுப்பில் ஏறியது. தம்புளி நீர்க்க இருக்கும், சோற்றில் ஊற்றினால் ஓட வேண்டும். அந்த வீட்டில் முதல் சாதத்துக்கே அதை ஊற்றுவார்கள், கடைசியில் அல்ல. வெயிலில் வந்து உட்காருகிறவனுக்கு முதலில் எது வேண்டுமோ அது முதலில். "தயிர் சூடு, மோர் குளிர்ச்சி" என்று நம் வீட்டுக் கிழவிகள் சொல்வார்களே, தம்புளியும் அந்தக் கணக்கில் செய்ததுதான். தயிரைத் தண்ணீர் விட்டுக் கடைந்து மோராக்கித்தான் இலையோடு சேர்க்கிறோம்.

இனி நேற்று என்ன நடந்தது என்று சொல்கிறேன். நேற்றைக்கு முன்பே ஒரு தடவை உழவர் சந்தையில் வாங்கிய வல்லாரையில் செய்து பார்த்துக் கெடுத்துவிட்டேன். வதக்கிய கீரையை ஆறவிடாமல் அரைத்து, சூட்டோடு தயிரில் கொட்டினேன். ஐந்தே நிமிடம். மேலே வெள்ளைத் துகள்கள், அடியில் பச்சைத் தண்ணீர். தயிர் என்பதே பாலின் புரதம் புளிப்பால் ஒன்று சேர்ந்து பிடித்து நிற்கிற நிலைதானே. அதன்மேல் சூடு பட்டால் அது இன்னும் இறுகி, தன்னிடம் இருக்கிற தண்ணீரையெல்லாம் வெளியே தள்ளிவிடும். உப்பையும் முன்கூட்டியே போட்டிருந்தேன், அதுவும் தன் பங்குக்கு நீரை இழுத்துவிட்டது. சரோஜா அதையும் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டாள். "இலை ஆறட்டும், நாம் காத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

நேற்று காத்திருந்தேன். காம்பு இளசாக இருந்ததால் அதையும் சேர்த்தே எடுத்தேன், ஒரு கைப்பிடி. மூன்று தண்ணீரில் அலசினேன். உன் வாய்க்கால் சுத்தமானது, எனக்குத் தெரியும். ஆனாலும் வல்லாரை நிலத்தோடு நிலமாகப் படர்வது, ஒவ்வொரு கணுவிலும் வேர் விடுவது, இலைக்கு அடியில் மண் ஒட்டாமல் இருக்காது. சின்ன வாணலியில் ஒரு ஸ்பூன் நெய். அரை ஸ்பூன் சீரகம், எட்டு மிளகு. மிளகு நீ தை மாதம் கொடுத்தது. சீரகம் சிவந்ததும் கீரையைப் போட்டேன். நீ இதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் கந்தசாமி. சிறுநீரகம் போல வளைந்து, ஓரமெல்லாம் பல்பல்லாக, காம்பு சேரும் இடத்திலிருந்து விசிறி மாதிரி நரம்பு ஓடும் அந்த இலை, நெய் பட்டதும் முதலில் பளபளவென்று கரும்பச்சையாகிறது. பிறகு ஓரம் உள்பக்கம் சுருள்கிறது. பிறகு மொத்தமாகச் சரிந்து உட்கார்ந்துவிடுகிறது. இவ்வளவும் ஒன்றரை நிமிடத்துக்குள். அந்த இடத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். இன்னும் வைத்தால் நிறம் பழுப்பாகிக் கசப்பு ஏறும்.

தட்டில் பரப்பி, விசிறிக்கு அடியில் இருபது நிமிடம் வைத்தேன். கையால் தொட்டால் சூடு தெரியக் கூடாது. இரண்டு ஸ்பூன் தேங்காய்த் துருவலோடு மிக்ஸியில் நைசாக அரைத்தேன். ஒரு டம்ளர் தயிரும் முக்கால் டம்ளர் தண்ணீரும் மத்தால் கடைந்து விழுதைக் கலந்தேன். உப்பு சாப்பிட உட்காருவதற்குச் சற்று முன்புதான். தாளிப்புக்குக் கொஞ்சம் நெய், கடுகு, ஒரு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. அந்தத் தாளிப்பு ஒன்றுதான் சூடாக உள்ளே போவது. ஒரு ஸ்பூன்தான் என்பதால் தயிர் தாங்கிக்கொள்கிறது.

நீ வல்லாரையைப் பச்சையாகத் தின்றால்தான் பலன் என்று எழுதியிருந்தாய். சிர்சியிலும் சில வீடுகளில் பச்சையாகவே அரைப்பார்கள், நானும் சாப்பிட்டிருக்கிறேன். அதில் புல் வாசம் முன்னால் வந்து நிற்கும். நெய்யில் வதக்கும்போது அந்த வாசம் அடங்கி, கசப்பின் கூர்மை குறைந்து, சாப்பிட்டு முடித்த பிறகு நாக்கின் ஓரத்தில் ஒரு சின்னத் துவர்ப்பு மட்டும் மிஞ்சும். எனக்கு அதுதான் பிடிக்கிறது. ஞாபக சக்தி பற்றியும் எழுதியிருந்தாய். அதை நினைத்து நான் இதைச் சாப்பிடவில்லை. ருசியாக இருக்கிறது, இந்த வெயிலுக்கு வயிறு ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான்.

சரோஜா இரண்டு தடவை சாதம் வாங்கிக்கொண்டாள். இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிடப் பழகிவிட்டாள். கடைசியில் கிண்ணத்தைத் தூக்கி மிச்சத்தைக் குடித்தாள். 19 நாளில் அவள் வயிறார உண்டதை நேற்றுதான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

எல்லாவற்றையும் விடத் தயிர்தான் கஷ்டம் என்பது இப்போது புரிகிறது. நீ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறாய், இங்கே நிலைமை வேறு. இரவு பத்து மணிக்கு உறை ஊற்றினால் விடியும்போது வாயில் வைக்க முடியாத புளிப்பு. புளித்த தயிரில் தம்புளி செய்தால் இலையின் ருசியே தெரியாது. ஆகவே விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து பால் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, அரை ஸ்பூன் மோர் விடுகிறேன், மண்சட்டியில். பதினொன்றரைக்குத் தோய்ந்துவிடுகிறது. சட்டி கொஞ்சம் நீரை உறிஞ்சுவதால் கெட்டியாகவும் இருக்கிறது. இத்தனை வருடம் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். தயிர் எத்தனை மணிக்கு உறை ஊற்றப்பட்டது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கோடையில் ஒரு நேரம், மழையில் ஒரு நேரம், மார்கழியில் ஒரு நேரம் என்று அவள் தன்பாட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அதை நினைக்கும்போது உன் அம்மா ஞாபகம் வந்தது. கல்லூரி விடுமுறையில் டிசம்பரில் உங்கள் வீட்டில் தங்கியிருந்தோமே, பால் தோயவே தோயாது. அம்மா தயிர்ப் பானையைப் பழைய கம்பளியில் சுற்றி, தணல் அடங்கிய அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் படுப்பார். காலையில் பிரித்துப் பார்த்து, "இன்னும் பாலாகவே இருக்கிறது, இருவரும் கருப்பட்டி போட்டுக் குடித்துவிடுங்கள்" என்பார். முப்பது கிலோமீட்டருக்குள் ஒரே பால் இப்படி இரண்டு விதமாக நடந்துகொள்கிறது.

பூமழை தள்ளிப் போனதை எழுதியிருந்தாய். மழை விழுந்து ஒன்பது பத்து நாளில் காப்பிச் செடியெல்லாம் வெள்ளையாகி, மல்லிகை வாசம் மலை முழுக்க அடிக்கும் அந்தக் காட்சியை இந்த வருடம் நீ அரைகுறையாகத்தான் பார்த்தாய் என்பது வருத்தமாக இருந்தது. அடுத்த மழையாவது நேரத்துக்கு வந்து பிடித்த பூவைக் காப்பாற்றட்டும். உன் தம்பியோடு பாகப் பிரிவினைப் பேச்சை இப்போதைக்கு ஒத்திவைத்தது சரியென்றே நினைக்கிறேன். அதை நேரில் பேசுவோம்.

இங்கே மற்றவை வழக்கம்போல. ஓசூரில் மகள் சௌக்கியம், பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். மாடியில் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லி இந்த வெயிலிலும் தளதளவென்று இருக்கிறது. நாளை அதில் பத்து இலை பறித்துச் செய்யப் போகிறேன். அதற்குத் தேங்காய் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், இல்லையென்றால் ஓம வாசம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். வெந்தயத்திலும் செய்யலாம், இஞ்சியிலும் செய்யலாம். மாதுளம் பழத் தோலில்கூட அஜ்ஜி செய்வார். உன் தோட்டத்தில் கொய்யா இருக்கிறதே, அதன் கொழுந்தில் ஒரு நாள் செய்து பார்த்து எழுது. உன் வீட்டுத் தயிர் மந்தமாகத்தான் புளிக்கும், உனக்கு என்னைவிட நன்றாகவே வரும்.

ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இலை பறித்து அனுப்பாதே. வேரும் மண்ணுமாக நாலைந்து கொடியைப் பெயர்த்து, அதே மாதிரி ஈரத்துணியில் சுற்றி அனுப்பு. பின்கட்டுக் குழாயடியில் எப்போதும் ஈரம் இருக்கும், சுவர் நிழலும் உண்டு. சரோஜா விழுந்த கல்லை எடுத்துவிட்டேன், அந்த இடம் காலியாக இருக்கிறது. அங்கே நடலாம் என்று அவள்தான் சொன்னாள்.

கடிதத்தை மூடப் போகும்போது அவள் சொல்கிறாள்: கொடியோடு கொஞ்சம் மிளகும் வைக்கச் சொல்லுங்கள், டப்பாவில் கால்வாசிதான் இருக்கிறது என்று. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அன்புள்ள,
ராமலிங்கம்