'எஃப்' என்ற ஒற்றை எழுத்து போதுமா? ஸ்பீட்வே நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டனில் ஸ்பீட்வே பந்தயம் நடத்தும் சங்கத்தாருக்கும், திடல் வைத்திருப்பவர்களுக்கும், அந்தத் திடலை வாங்கி வீடு கட்டுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

பந்தயத்தில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுக்கல் கேட்டு எழுதும் மடல் இது. இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் இரண்டு பத்தியில் மரியாதையாக முடித்துவிடுவேன், சொல்ல வந்தது உள்ளேயே நின்றுவிடும். மகள் மொழிபெயர்த்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். இன்னொரு காரணமும் உண்டு. கீழே நான் சொல்லப்போகும் தெருக்கள் சில ஈஸ்ட் ஹாமிலிருந்து ரொம்பத் தூரமில்லை. நம்மாட்கள் அந்தப் பக்கம் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும்.

நான் பரம்பரை ரசிகன் கிடையாது. தரக் பக்கம் ஒரு கிடங்கில் வேலை பார்த்தபோது என்னோடு இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், 2011இல் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், "வீட்டுக்குப் போய் என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்டு பர்ஃப்ளீட்டில் இருந்த அரீனா எசெக்ஸ் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்படி ஆரம்பித்ததுதான்.

ஸ்பீட்வே பார்த்திராத நம் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. மண் திடலில் ஓட்டும் மோட்டார் சைக்கிள் பந்தயம் இது. நான்கு பேர், நான்கு சுற்று, ஒரு நிமிஷம் சொச்சத்தில் முடிந்துவிடும், அதற்கு ஒரு 'ஹீட்' என்று பேர். 500 சிசி வண்டி, ஒரே கியர், பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால். பிரேக் இல்லை. பிரேக் சரியாகப் பிடிக்காது என்று சொல்லவில்லை, வண்டியில் பிரேக்கே வைப்பதில்லை. இடது பூட்ஸில் இரும்புத் தகடு கட்டியிருப்பார்கள். அந்தக் காலை மண்ணில் தேய்த்துக்கொண்டு, பின்சக்கரத்தை வெளியே சறுக்கவிட்டு, முன்சக்கரம் வலப்பக்கம் பார்க்க வண்டி இடப்பக்கம் போகும். முதல் ஹீட் முடிந்ததும் மூக்கில் ஏறியது என்ன தெரியுமா, விளக்கெண்ணெய் வாசனை! இன்ஜினுக்கு ஊற்றும் ஆயில் ஆமணக்கில் எடுத்தது, காஸ்ட்ரால் என்ற பெயரே அதிலிருந்து வந்ததாம். சின்ன வயதில் பாட்டி மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய சங்கதி, இங்கே புகையாக வந்து சட்டையில் ஒட்டிக்கொண்டது.

பெரியவர் கையில் எப்போதும் ஒரு நிகழ்ச்சிப் புத்தகமும் பென்சிலும் இருக்கும். ஹீட்டுக்கு ஹீட் கட்டத்தை நிரப்புவார். முதலில் வந்தால் 3, அடுத்து 2, 1, 0. வண்டி நின்றுபோனால் 'ஆர்'. நடுவர் நீக்கினால் 'எக்ஸ்'. விழுந்தால் 'எஃப்'. விழுந்தவர் எழுந்து, பிட்டம் தட்டி, கூட்டத்துக்குக் கை காட்டிவிட்டுப் போனாலும் எஃப்தான். ஸ்ட்ரெச்சரில் போனாலும் எஃப்தான்.

லீ ரிச்சர்ட்சனை அந்தத் திடலில்தான் பார்த்தேன். அந்தத் திடலின் சொந்த அணியான லேக்சைடுக்காக ஓட்டினார். 1999இல் 21 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம் வென்றவர். உங்கள் பந்தயக்காரர்கள் பிழைப்பே ஒரு மாதிரி. இங்கே ஒரு அணி, போலந்தில் ஒரு அணி, முடிந்தால் ஸ்வீடனிலும் ஒன்று, வாரம் முழுக்க விமானமும் வேனுமாக ஓட்டம். 2012 மே 13, ஞாயிற்றுக்கிழமை, போலந்தில் விரோத்ஸ்வாஃப் திடலில் ஷெஷூஃப் அணிக்காக ஓட்டும்போது தடுப்பில் மோதினார். உள்ளுக்குள் ரத்தக்கசிவு. அன்றைக்கே மருத்துவமனையில் போய்விட்டார். வயது 33.

மறுநாள் திங்கட்கிழமை பெரியவர் வேலைக்கு வந்தார். ஒன்றும் பேசவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் பையிலிருந்து பழைய நிகழ்ச்சிப் புத்தகம் ஒன்றை எடுத்து, ரிச்சர்ட்சன் பெயருக்கு நேரே தன் கையால் எழுதிய எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போனார். அப்புறம் சொன்னார்: "இதற்கு எங்களிடம் எழுத்து இல்லை." அதைக் கேட்டதிலிருந்துதான் இந்த மடல் எனக்குள் கிடக்கிறது. எழுத இத்தனை வருஷம் ஆகிவிட்டது, சோம்பல்தான், வேறென்ன.

பெரியவர் சின்ன வயதில் வெஸ்ட் ஹாம் ஸ்பீட்வே அணியின் பைத்தியமாக இருந்தவர். 1970 ஜூலை 14, நெதர்லாந்தில் பந்தயம் முடித்துத் திரும்பிய அணியின் மினிபஸ் பெல்ஜியத்தில் லோக்கரென் அருகே விபத்தில் சிக்கியது. பீட்டர் பிராட்ஷா, மார்ட்டின் பிடாக், மால்கம் கார்மைக்கேல், கேரி எவரெட், மேலாளர் ஃபில் பிஷப் ஆகியோர் இறந்துபோனார்கள். உயிர் தப்பிய காலின் பிராட்டுக்குக் கழுத்து முறிந்து பந்தய வாழ்க்கை அத்தோடு முடிந்தது. இரண்டே வருஷத்தில் அந்த அணியின் திடலான கஸ்டம் ஹவுஸ் ஸ்டேடியமும் மூடப்பட்டது, இடித்து வீடு கட்டிவிட்டார்கள்.

கட்டியவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள், அதையும் சொல்லவேண்டும். தெருக்களுக்கு ஸ்பீட்வேக்காரர்கள் பெயர் வைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்தேன். குரூம்ப்ஸ் ரோடு, அட்கின்சன் ரோடு, யங் ரோடு, ஹாஸ்கின்ஸ் குளோஸ், வில்கின்சன் ரோடு. வில்கின்சன் என்றால் ஆஸ்திரேலியாவின் புளூயி வில்கின்சன். 1938இல் தோள் எலும்பு உடைந்த நிலையிலேயே வெம்ப்ளியில் ஓட்டி உலக சாம்பியன் ஆனவர், இரண்டு வருஷம் கழித்து சிட்னியில் சாலை விபத்தில் இறந்தார். அந்தத் தெருவில் காரைக் கழுவிக்கொண்டிருந்த ஒருவரிடம் வில்கின்சன் யார் என்று கேட்டேன். "கவுன்சிலராக இருந்திருப்பார்" என்றார். அவர்மேல் தப்பில்லை. பலகையில் பெயர் மட்டும் இருந்தால் யாருக்குத்தான் தெரியும்?

கிழக்கு லண்டனிலேயே இன்னொரு திடல் இருந்த ஹாக்னியில் அதுகூட என் கண்ணில் படவில்லை. 1979 ஜூன் 8, ஹாக்னிக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் போட்டி. ஹாக்னியின் விக் ஹார்டிங்கும் ஈஸ்ட்போர்னின் ஸ்டீவ் வெதர்லியும் மோதிக்கொண்டார்கள். ஹார்டிங் இறந்தார், வெதர்லி சக்கர நாற்காலிக்குப் போனார். மூன்று வருஷம் கழித்து, 1982இல், அதே திடலில் டென்னி பியாட் என்ற அமெரிக்க இளைஞர் இறந்துபோனார். அந்த இடத்தில்தான் 2012 லண்டன் ஒலிம்பிக்கின் ஊடக மையத்தைக் கட்டினார்கள். உலகத்தின் விளையாட்டுச் செய்தியாளர்களெல்லாம் வந்து உட்கார்ந்து ஓட்டத்தையும் நீச்சலையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் நாற்காலிக்கு அடியில் ஒரு பந்தயத் திடல் இருந்தது என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ. நான் போனபோது கண்ணாடிக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன், காப்பிக் கடைகள்தான் இருந்தன. நான் பார்க்கத் தவறிய மூலையில் ஏதாவது பெயர்ப்பலகை இருந்தால் காட்டுங்கள், வந்து பூ வைத்துவிட்டுப் போகிறேன்.

லண்டனிலேயே இருந்த நியூ கிராஸ் திடல் இன்னும் பழைய கதை. 1935 ஆகஸ்ட் 28 இரவு, தன் அணித் தோழர் ரான் ஜான்சனோடு மோதி விழுந்தார் டாம் ஃபார்ண்டன். இரண்டு நாள் கழித்து இறந்தார், வயது 24. 1933இல் நட்சத்திர ஓட்டுநர் பட்டம் வென்றவர். உலக சாம்பியன் போட்டி என்ற ஒன்றை முதன்முதலாக நடத்தியதே 1936இல்தான், மனிதர் ஒரு வருஷம் முந்திக்கொண்டார். அந்தத் திடல் இருந்த இடம் இப்போது புல்வெளிப் பூங்கா. நாய்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள்.

நாய் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பக்கம் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல் இருக்கிறது, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கப்போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவருக்கு நட்ட கல். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், எதற்காகச் செத்தான் எல்லாம் அதில் வெட்டியிருக்கிறது. அவர் பக்கத்தில் அவர் நாய் நிற்கிறது. 'கோவிவன்' என்று அதற்கும் பெயர் பொறித்து, இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த நாயின் பெயர் எனக்குத் தெரிகிறது. விக் ஹார்டிங் பெயரை நான் ஒரு பெரியவரின் பென்சில் குறிப்பிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எங்கள் ஊர்ப் பெருமை பேச வரவில்லை. உங்கள் பந்தயத்துக்குள்ளேயே முன்மாதிரி இருக்கிறது. போலந்தின் டோருன் நகரத்தில் 2009இல் திறந்த மோட்டோஅரீனா என்ற ஸ்டேடியத்துக்கு மரியான் ரோஸெ பெயர் வைத்திருக்கிறார்கள், 1970இல் ஷெஷூஃப் திடலில் பந்தயத்தில் இறந்தவர். அந்த ஸ்டேடியம் இருக்கும் தெருவுக்குப் பேர் பெர் யோன்சன் தெரு. ஸ்வீடன்காரர், 1990 உலக சாம்பியன், டோருன் அணிக்காக ஓட்டியவர். 1994இல் பக்கத்து ஊரான பிட்கோஷ்சில் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு நடக்க முடியாமல் போனார். வெளிநாட்டுக்காரர், உயிரோடு இருப்பவர், இனி ஒரு புள்ளிகூட எடுத்துத் தரப்போவதில்லை. அவர் பெயரைத் தெருவுக்கு வைத்தார்கள்! ரசிகர்கள் அவர் பெயரைக் கேட்டு வழி விசாரித்துத்தான் திடலுக்குப் போகவேண்டும்.

போலந்துக்காரர்கள் உத்தமர்கள் என்றும் சொல்லமாட்டேன். ரிச்சர்ட்சன் அங்கேதான் இறந்தார். ஆஸ்திரேலியாவின் டார்சி வார்ட், இரண்டு முறை ஜூனியர் உலக சாம்பியன், 2015 ஆகஸ்டில் ஷெலோனா கூராவில் அன்றைய கடைசி ஹீட்டில் விழுந்து முதுகுத்தண்டு முறிந்தபோது வயது 23. அடுத்த வருஷம் மே மாதம் ரிப்னிக் திடலில் கிறிஸ்டியான் ரெம்பாவா, 18 வயதுப் பையன். விழுந்தபோது ஹெல்மெட் தலையிலிருந்து கழன்றுபோனது. ஆறு நாள் கழித்து இறந்தான். அவன் அப்பாவும் பந்தயக்காரர். இதை எழுதும்போது எனக்கே கை ஓடவில்லை, அந்த அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்.

சரி, நான் கேட்பது என்ன? திடல் இருக்கும் இடத்திலும், இருந்து இடிபட்ட இடத்திலும், அங்கே ஓட்டும்போது இறந்தவர்களுக்கு ஒரு கல். பெயர், தேதி, எந்தப் போட்டி, எந்த ஹீட், எப்படி விழுந்தார் என்பது வரைக்கும். 'எப்படி' என்பதை விட்டுவிடாதீர்கள். கழன்ற ஹெல்மெட்டைப் பற்றிக் கல்லில் இருந்தால், அடுத்து வரும் பையனின் அம்மா அவன் தாடைப் பட்டையை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள். வளைவில் இப்போது வைக்கிறீர்களே காற்றடைத்த தடுப்பு, பலகையிலும் கம்பி வலையிலும் மோதியவர்களுக்கு அப்புறம் வந்தது அது. நிலத்தை விற்கும்போது பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும், வாங்குகிறவர் கல்லை நட்டே ஆகவேண்டும். நானூறு வீடு கட்டுகிற இடத்தில் இரண்டடிக் கல்லுக்கு இடம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது.

இதற்கு நீங்கள் சொல்லப்போகும் பதிலும் எனக்குத் தெரியும். பந்தயத்துக்கு வரும் பையன் கண்முன்னால் செத்தவர் பட்டியலை வைப்பதா, அபசகுனம் என்பீர்கள். நியாயம்தான், ஓட்டுநர்கள் வண்டியைத் தயார் செய்யும் பிட்ஸ் பக்கம் வைக்கவேண்டாம், நாங்கள் டிக்கெட் வாங்கும் வாசலில் வையுங்கள். பார்க்க வேண்டியவர்கள் நாங்கள்தானே? விபத்துகளை மட்டும் வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, வீடியோ விடுகிறார்கள், அதை உட்கார்ந்து பார்க்கிறவர்கள் நாங்கள்தான். நானும் பார்த்திருக்கிறேன். குடும்பம் வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள், அதற்கு மேல் பேச்சில்லை.

அடிபட்டு உயிரோடு இருப்பவர்களுக்குக் கல் வேண்டாம், பணம் வேண்டும். உங்கள் ஓட்டுநர்கள் சொந்தப் பணத்தில் வண்டி வாங்கி ஓட்டும் சுயதொழில்காரர்கள், விழுந்த மறுநாள் வருமானம் நின்றுவிடும். அவர்களுக்கென்று ஸ்பீட்வே ஓட்டுநர் நலநிதி இருக்கிறது, நல்ல மனிதர்கள் நடத்துகிறார்கள், திடலில் வாளியோடு வருவார்கள். பர்ஃப்ளீட்டில் அந்த வாளியில் நானும் சில்லறை போட்டிருக்கிறேன். ஆனால் 1989இல் பிராட்ஃபோர்டில் முதல் ஹீட்டின் முதல் வளைவிலேயே மூன்று முறை உலக சாம்பியனான எரிக் குண்டர்சனின் பந்தய வாழ்க்கை முடிந்துபோனது. சாம்பியனுக்கே அந்தக் கதி என்றால், அணியில் ஏழாவது ஆளாக ஓட்டும் பையனின் வாழ்க்கையை ரசிகன் போடும் சில்லறையை நம்பி விடலாமா? ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பவுண்டு அந்த நிதிக்கு என்று எழுதிவிடுங்கள். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

பர்ஃப்ளீட் திடலும் 2018இல் மூடிவிட்டது. பெரியவர் இப்போது மகள் வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். போகும்போது நிகழ்ச்சிப் புத்தகங்கள் வைத்திருந்த இரண்டு அட்டைப் பெட்டிகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஹார்டிங் பெயர் அதில் இருக்கிறது, ரிச்சர்ட்சன் பெயர் இருக்கிறது, எனக்குத் தெரியாத எத்தனையோ பெயர்களுக்கு நேரே எஃப் இருக்கிறது. அந்த எஃப்களில் எழுந்து நடந்தவர் யார், நடக்காதவர் யார் என்று பெரியவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பென்சில் எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது. உங்களில் யாராவது பட்டியல் எடுக்க ஆரம்பித்தால் வந்து பாருங்கள், தேநீர் போட்டுத் தருகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் நல்லது, இப்போதெல்லாம் எனக்குப் போக வேறு இடம் இல்லை.

இப்படிக்கு,
கிழக்கு லண்டனிலிருந்து ஒரு ரசிகன்