இன்னொரு வழியனுப்பு விழா

அன்புள்ள மாலதி,

பேரனுக்கு அம்மை இறங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே வெள்ளிக்கிழமை எங்கள் தலைமை மருத்துவரை வழியனுப்பினோம். நான் இந்தத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்து ஐந்து வருஷம். இவர் நான்காவது ஆள்.

யார்மேலும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. முதலாமவர் பதவி உயர்வில் வரும்போதே ஓய்வுக்குப் பதினொரு மாதம்தான் பாக்கி. மூன்றாமவர் ஆறு மாதம்கூட இல்லை. இவருக்குக் குடும்பம் மதுரையில். இடமாறுதல் கலந்தாய்வில் அங்கே இடம் கிடைத்தது, போகிறார்.

என் மனசில் நிற்பது இரண்டாவதாக 'பொறுப்பு' பார்த்த அந்தச் சின்ன டாக்டரம்மாதான். வியாழன்தோறும் எங்களையும் மருந்தாளுநரையும் துப்புரவுப் பணியாளர்களையும் சேர்த்து உட்காரவைத்து, என்ன குறை என்று கேட்டு எழுதிக்கொள்வார். தேசிய தர உறுதிச் சான்று அவர் உழைப்பில் வந்தது. அது மூன்று வருஷம் செல்லும். அவரோ அடுத்த வருஷமே அரசு டாக்டர்களுக்கான ஒதுக்கீட்டில் மேற்படிப்புக்குப் போய்விட்டார். அந்த ஒதுக்கீட்டைத் தர மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது நாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! இப்போதும் அது நியாயம்தான். ஆனால் அவர் போன பிறகு வியாழக்கிழமைக் கூட்டம் நடக்கவேயில்லை.

தலைமை மருத்துவர் மாறினால், ஆஸ்பத்திரிச் செலவுக்கான நோயாளர் நலச் சங்க வங்கிக் கணக்கில் கையெழுத்தும் மாறவேண்டும். போன சித்திரையில் பிரசவ வார்டு இன்வெர்ட்டர் பேட்டரி போய்விட்டது. வங்கியில் பணம் இருந்தது, எடுக்கக் கையெழுத்து இல்லை. மூன்று வாரம், கரண்ட் போகும்போதெல்லாம் ஜெனரேட்டர் ஓடும்வரை டார்ச் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு தையலை அந்த வெளிச்சத்தில்தான் போட்டார்கள். அந்தப் பெண் பயந்து என் கையை விடவே இல்லை, மாலதி.

ஓய்வுக்கு இரண்டு மூன்று வருஷமாவது இருப்பவரைத்தான் இந்த நாற்காலிக்கு அனுப்பவேண்டும். இருநூறு புறநோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர் தலையிலேயே டெண்டர், சம்பளப் பட்டியல், தண்ணீர் லாரி எல்லாவற்றையும் கட்டக்கூடாது. நிர்வாகம் படித்த ஒருவர் கூடவே இருக்கவேண்டும். உங்கள் ஊரில் ஒரே டாக்டர் ஆறு வருஷம் இருந்ததால்தானே ரத்த சேமிப்பு அறை வந்தது?

புதியவர் திங்கட்கிழமை சேர்கிறார். ஆக்சிஜன் சிலிண்டர் யாரிடம் சொன்னால் வரும், எந்த ஊருக்கு மழையில் ஆம்புலன்ஸ் போகாது, வங்கிக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த வியாழக்கிழமைக் குறிப்புகளையும் சேர்த்திருக்கிறேன். வேறு என்ன சேர்க்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் பண்ணிச் சொல்.

அன்புடன்,
சாந்தி