வந்த வழி தெரிந்தால் போதும்

கல்லிடைக்குறிச்சி
மாசி 5

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஆயுசு முழுக்க ஊரார் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவன் நீ, அதனால் பதில் தாமதமானால் உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கையில் போனை வைத்துக்கொண்டு நாம் இன்னும் தாளில் எழுதிக்கொள்வதைப் பார்த்துப் பேத்தி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

இங்கே பிசான அறுவடை ஆரம்பித்துவிட்டது. ஆள் எங்கே கிடைக்கிறது? எல்லாம் மெஷின்தான். ராத்திரியும் விளக்கைப் போட்டுக்கொண்டு அறுக்கிறார்கள், வாய்க்கால் பக்கத்து வீடு என்பதால் எனக்குத் தூக்கம் போயிற்று. உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மதினி கேட்டிருந்த அப்பளம் வாங்கி வைத்திருக்கிறேன், அதை அனுப்பும் வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் மாப்பிள்ளை படகு வாங்கிய கதையைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். கொல்லத்தில் வீடு, வாசலுக்கு எட்டின தூரத்தில் அஷ்டமுடிக் காயல், படகு வாங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் போன மாதம் இருட்டிய பிறகு எந்த முடிக்குள், அதாவது காயலின் எந்தக் கைக்குள் புகுந்தீர்கள் என்று தெரியாமல் ஒன்றரை மணி நேரம் சுற்றியதை நீ சிரிப்பாக எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு முடி இருப்பதால்தான் அதற்கு அந்தப் பேரே. பகலிலேயே ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டு கரையிலும் அதே தென்னைதான். ‘விலை கூடாத ஜிபிஎஸ் ஒன்று சொல்லு, மாப்பிள்ளை பெரிய திரை வைத்ததுதான் வேண்டும் என்கிறார்’ என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன், கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அணைகளில் வண்டல் அளக்கிற வேலை கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? மூன்று மாதம் கருவாடாகக் காய்ந்து வந்து நின்றேனே, அதுதான். இக்கரையில் இரண்டு கம்பம் ஒன்றன்பின் ஒன்றாக நட்டிருக்கும். அந்த இரண்டும் ஒரே கம்பமாகத் தெரிகிற கோட்டை விட்டு விலகாமல் படகு போக வேண்டும். நான் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, தரை தட்டியதும் கொடியை அசைப்பேன். கரையில் கோணம் அளக்கிற தியோடலைட்டோடு நிற்பவர் கோணத்தைக் குறித்துக்கொள்வார். அகத்தியர் மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கிக் கம்பம் மறைந்தால் அன்றைக்கு வேலை முடிந்தது. இப்போது அதே வேலையை ஜிபிஎஸ்ஸும் எதிரொலிக் கருவியும் வைத்து முடித்துவிடுகிறார்கள்.

அந்த மூன்று மாதத்தில் தெரிந்துகொண்டது, தண்ணீருக்குக் கரை என்பது நிலையானதில்லை. மணிமுத்தாறு அணை 118 அடி. நிரம்பி நிற்கும்போது இருக்கிற கரை வேறு, சித்திரையில் பாதிக்குக் கீழே போனபின் இருக்கிற கரை வேறு. தை மாதம் படகு கட்டின இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் சித்திரையில் சேறும் பட்டுப்போன மரக்கட்டைகளுமாகக் கிடக்கும். எந்தக் கருவியில் நீலமாக வரைந்திருந்தாலும் அது ஏதோ ஒரு நாளின் தண்ணீர்தான். உன் காயலில் அந்த அளவுக்கு ஏறி இறங்காது என்றாலும், நீண்டகரை முகத்துவாரம் வழியாகக் கடலோடு சேர்ந்தது, ஏற்றவற்றம் உண்டு. காலையில் படகு போன இடத்தில் மத்தியானம் மணல் திட்டு தட்டும். அதனால்தான் சொல்கிறேன், வண்ண வரைபடத்துக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம். அமெரிக்க ஏரிகளுக்கு அடி அடியாக ஆழம் போட்ட வரைபடம் விற்கிறார்கள். அங்கே பெரிய திரைக்கு அர்த்தம் உண்டு. நம் அணைக்கோ குளத்துக்கோ அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். வந்த வழியே திரும்பப் போகத் தெரிய வேண்டும். படகு போகப் போகக் கருவி தன் பாட்டுக்குப் புள்ளி வைத்துக்கொண்டே வரும், பின்னால் நூல் விட்டுக்கொண்டு போகிற மாதிரி. அதற்கு ‘டிராக்’ என்று பேர். திரும்பும்போது ‘டிராக்பேக்’ என்று கொடுத்தால் அந்த நூலையே பிடித்துக்கொண்டு வரலாம். வரைபடம் இல்லாத, இருப்பதிலேயே மலிவான கருவியிலும் இது இருக்கிறது.

மாப்பிள்ளையிடம் இதை அழுத்திச் சொல்: ‘கோ டு’ என்று இன்னொரு வசதி இருக்கும். படகுத்துறையைக் குறித்து வைத்து, அங்கே போ என்றால் ஓர் அம்பைக் காட்டும். நம்பிவிடக் கூடாது. அது காட்டுவது காக்கை பறக்கிற வழி. நடுவில் தீவு இருந்தாலும், சீனவலை இருந்தாலும், ஒரு முடியையும் அடுத்த முடியையும் பிரிக்கிற நிலமே குறுக்கே கிடந்தாலும் அம்பு நேராகத்தான் நிற்கும். அன்று ராத்திரி உங்களிடம் கருவி இருந்து, ‘கோ டு’ மட்டும் பார்த்து ஓட்டியிருந்தால் யாருடைய தென்னந்தோப்பிலாவது ஏறியிருப்பீர்கள்.

இன்னொன்று. மலிவான சில கருவிகளில் திசைகாட்டி கிடையாது. நகர்ந்தால்தான் எந்தப் பக்கம் போகிறோம் என்பதே அதற்குத் தெரியும். மோட்டாரை அணைத்துவிட்டு நின்றால் அம்பு கோட்டி பிடித்தது போல் சுற்றும். புதிதாக வாங்கியவர்கள் கருவி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பத்தடி நகர்த்தினால் சரியாகிவிடும்.

சரி, எதை வாங்குவது? கார்மின் கம்பெனியின் ஈட்ரெக்ஸ் வரிசையில் கீழ்ப்படி. ஈட்ரெக்ஸ் 10 என்று 2011இல் வந்தது: கறுப்பு வெள்ளைத் திரை, இரண்டு பென்சில் பேட்டரி, 25 மணி நேரம் ஓடும். அதன் இடத்துக்கு 2023இல் ஈட்ரெக்ஸ் எஸ்இ வந்திருக்கிறது. அதே இரண்டு பேட்டரியில் 168 மணி நேரம் என்கிறார்கள், திசைகாட்டியும் உண்டு. வெயில் அடிக்க அடிக்க இந்தக் கறுப்பு வெள்ளைத் திரை தெளிவாகத் தெரியும், அதுதான் இதன் அழகு. குறை, திரை 2.2 அங்குலம், தீப்பெட்டி அளவு. கண் ஆபரேஷன் ஆனபிறகு உனக்கு எப்படிப் படிக்க வருகிறதோ தெரியாது, மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். வண்ணத்திரை வேண்டும் என்று அடம்பிடித்தால் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ். இவை எல்லாம் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி கிடந்தால் தாங்கும். ஆனால் மிதக்காது! கைநழுவினால் கல்லு மாதிரி அடியில்தான். மிதக்கிற கருவி அதே கம்பெனியில் ஜிபிஎஸ்மேப் 78, 79 என்று இருக்கிறது, விலை எகிறும். அதற்குப் பதில் ஒரு கயிற்றைப் போட்டுச் சட்டையில் கட்டிக்கொண்டால் தீர்ந்தது.

மாப்பிள்ளைக்குத் தூண்டில் பழக்கம் இருந்தால் மட்டும் வேறு யோசனை. ஸ்ட்ரைக்கர் 4 என்று மீன் தேடும் கருவி இருக்கிறது. அதற்குள்ளேயே ஜிபிஎஸ் உண்டு, வந்த தடத்தையும் காட்டும், வரைபடம் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல், அடியில் எத்தனை அடித் தண்ணீர் என்று காட்டும். மணல் திட்டு உள்ள காயலில் அது பெரிய விஷயம். நான் ஈயக்குண்டை இறக்கி இறக்கிப் பார்த்ததை அது சும்மா நின்றே பார்த்துவிடும், பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 12 வோல்ட் பேட்டரி, படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் மாட்டுகிற உணரி, வயர் என்று வேலை இழுக்கும். காருக்கு என்று விற்கிற ஜிபிஎஸ்ஸை மட்டும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதே. நடுக்காயலில் நின்றாலும் அது உன்னைக் கிட்ட இருக்கிற ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் வைக்கும்.

‘போன் போதாதா’ என்று மதினி கேட்டதாக எழுதியிருந்தாய். பாதி போதும். டவர் இல்லாவிட்டாலும் போனுக்கு ஜிபிஎஸ் வேலை செய்யும், பலருக்கு இது தெரிவதில்லை. வீட்டிலேயே அந்தப் பகுதி வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஈரக்கை பட்டால் திரை சொன்ன பேச்சுக் கேட்காது, உச்சி வெயிலில் சூடேறித் தானே அணைந்துவிடும், ஆபத்தில் ஆளைக் கூப்பிட வேண்டிய சார்ஜையும் வழி காட்டியே தின்றுவிடும். அதனால் போன் ஒரு தண்ணீர் புகாத உறைக்குள் அணைத்தபடி இருக்கட்டும்.

அமெரிக்காவில் இருக்கிற உன் பையன், சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்புகிற கருவி வாங்கி வருகிறேன் என்றானாமே, இன்ரீச்சோ என்னவோ. இன்றைக்கே போன் போட்டு வேண்டாம் என்று சொல். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடித்துக் கேஸ் போட்டிருக்கிறார்கள், வெளிநாட்டுக்காரர்கள் மாட்டியிருக்கிறார்கள். நான் சொல்கிற சாதாரண ஜிபிஎஸ் அப்படியில்லை. அதற்குக் காது உண்டு, வாய் கிடையாது. இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறவை சொல்வதைக் கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான்.

நான் அசிங்கப்பட்ட கதை ஒன்று. யாரிடமும் சொன்னதில்லை. கையில் முதன்முதலாகக் கருவி வந்த புதிது. நம் ஊர்ப் பக்கம் ஒரு குளத்து மடையின் இடத்தைக் குறித்துக் கொடுக்கச் சொன்னார்கள். கருவியில் 8 டிகிரி 42.5 நிமிடம் என்று இருந்ததை நான் 8.425 டிகிரி என்று எழுதிவிட்டேன். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம் இல்லையா, 42.5ஐ அறுபதால் வகுத்து 8.708 என்று எழுதியிருக்க வேண்டும். வித்தியாசம் 31 கிலோமீட்டர்! அம்பாசமுத்திரத்து மடை காகிதத்தில் நாங்குநேரிக்கும் தெற்கே போய் உட்கார்ந்துகொண்டது. மேலே இருந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, ‘என்ன வே, குளத்தைச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிட்டீரா?’ என்றார். ஆகவே, கூட வருகிற படகுக்காரருக்கோ உதவிக்கு வருகிறவருக்கோ இடத்தைச் சொல்லும்போது டிகிரியா நிமிடமா என்று ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.

கருவியில் மிச்சம் பிடிக்கிற பணத்தில் ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். வாங்கி மூலையில் போடாமல், படகில் கால் வைக்கும்போதே மாட்டிக்கொள்ள வேண்டும், பேரனுக்கு அவன் அளவில் தனியாக. 2023 மே மாதம் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்களே, வழி தெரியாமலா போனார்கள்? கரை பக்கத்திலேயேதான் இருந்தது. ஆள் கூட ஏற்றியது. உங்கள் படகில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறதோ அதற்கு மேல் சித்தப்பா வந்தாலும் ஏற்றாதே. முகத்துவாரத்துப் பக்கமும் போக வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்.

இவ்வளவு சொன்னாலும், உடனே எதையும் வாங்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். என்னிடம் பழைய மஞ்சள் ஈட்ரெக்ஸ் இருக்கிறது. மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது, வரைபடம் எதுவும் கிடையாது. அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பையன் வேலை விஷயமாகக் கொல்லம் வருகிறான். அப்பளக் கட்டோடு அதையும் கொடுத்து அனுப்புகிறேன். ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். போதும் என்று தோன்றினால் அதையே வைத்துக்கொள், போதாது என்றால் என்ன போதவில்லை என்று தெரிந்து வாங்கலாம்.

பேட்டரியைக் கழற்றித்தான் அனுப்புகிறேன். ரொம்ப நாள் தூங்கின கருவி, முதல் நாள் திறந்த வெளியில் கால் மணி நேரம் வைத்துவிடு, வானத்தில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அதற்கு அவ்வளவு நேரம் வேண்டும். சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி போடாதே, சாதா ஆல்கலைன் போடு. படகுத்துறையில் மோட்டாரை ஸ்டார்ட் பண்ணும் முன்னே இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், கிளம்பியபின் இல்லை. கருவியை மேல் சட்டைப்பையில் வை, வேட்டி மடிப்பில் வைத்தால் சிக்னல் வராது.

தேதியைப் பார்த்துப் பயப்படாதே. ஜிபிஎஸ் கணக்கில் வாரங்கள் 1024 வரைதான், அப்புறம் மறுபடி பூஜ்யம். 2019 ஏப்ரலில் அப்படி ஒரு தடவை திரும்பியது. என் மஞ்சள் கருவிக்கு அது பிடிபடவில்லை, கிட்டத்தட்ட இருபது வருஷம் பின்தங்கி நிற்கிறது. இடத்தைச் சரியாகச் சொல்லும், தேதி மட்டும் 2006 ஆனி மாதம் என்று காட்டும். அதன் கணக்கில் நீ இன்னும் தபாலாபீசில்தான் உட்கார்ந்திருக்கிறாய், நான் ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கிறது. அதை மட்டும் சரிசெய்ய முயற்சி பண்ணாதே.

பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கோயிலுக்கு வருவாய்தானே? பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும் முன்னே அம்பையில் இறக்கிவிடும். எத்தனை பேர் என்று மட்டும் எழுது, ஸ்டேஷனுக்கு ஆட்டோ சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் ஆறுமுகம்