சத்துவாச்சாரி கோர்ட்டில் கூட நின்றவர்களுக்கு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொலை வழக்கில் தீர்ப்பு வந்து, ஆயுள் தண்டனையோடு கொன்றவனைத் தொரப்பாடி ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நடந்தது வேலூருக்கே தெரியும், திரும்பச் சொல்லத் தெம்பில்லை.

முதல் கும்பிடு கோர்ட் டூட்டி ஏட்டையாவுக்கு. கொலை வழக்கு படுத்துக்கொள்வது பாதி நேரம் சாட்சி வராததால்தான். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. கத்தியைக் காட்டிக்கொடுத்த பகுதி மட்டும் நிற்கும்; பழைய சாட்சியச் சட்டத்தில் அது 27-வது பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 23-வது பிரிவு. அதற்கும் மகஜரில், அதாவது கத்தியை எடுத்தபோது எழுதிய பத்திரத்தில், கையெழுத்துப் போட்ட வி.ஏ.ஓ. கூண்டேறி, "என் கண்முன் எடுத்தது" என்று சொன்னால்தான் பலம். அவரோ அதற்குள் மாறுதலாகி வேறு தாலுகா போயிருப்பார். சம்மன் பழைய ஆபீசுக்குப் போய்த் திரும்பி வரும், வழக்கு வாய்தாவில் கிடக்கும். இரண்டு வாய்தா வீணாக வந்துபோன கூலிக்காரர் மூன்றாவதற்கு வரமாட்டார். எதிர்த்தரப்பு ஆள் அவர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவது அந்த இடைவெளியில்தான். முன்பு சொன்னதைக் கூண்டில் மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சி அங்கேதான் உருவாகிறது.

ஏட்டையா கையில் ரப்பர் பேண்ட் போட்ட நாற்பது பக்க நோட்டு. அ.சா. 1, அதாவது அரசுத் தரப்பு முதல் சாட்சி தொடங்கி ஆளுக்கு ஒரு பக்கம்: இப்போது இருக்கும் ஊர், இரண்டு போன் நம்பர், வரும் பஸ். கூலி போச்சே என்று முனகிய சாட்சி அம்மாவிடம், "இன்னாம்மா, வந்துபோற செலவுக்கு பேட்டா மனு நான் எழுதித் தர்றேன், சொம்மா போவாதே. தெரிஞ்சத சொல்லு, தெரியாதத தெரிலன்னு சொல்லு, அவ்ளோதான்" என்றார். இது அவர் வேலைதானே என்பார்கள். சம்மனைச் சேர்ப்பது வேலை. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "சாப்டியா? காலைல மொத பஸ்ஸ புடிச்சிடு" என்பது எந்த விதியில் இருக்கிறது?

அரசு வழக்கறிஞர், இன்ஸ்பெக்டர், பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், மிரட்டலுக்கு அசையாமல் கூண்டேறிய கடைக்காரர்கள், வாடகை வாங்காத ஆட்டோ தம்பிகள் எல்லோருக்கும் நன்றி.

14 வருஷத்தில் வந்துவிடுவான் என்று டீக்கடையில் பேசுகிறார்கள். ஆயுள் என்றால் ஆயுள் முழுக்க. தண்டனைக் குறைப்பில் விடுவதென்றாலும் 14 ஆண்டு உள்ளே முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அந்தக் கணக்கு. ஹைகோர்ட் அப்பீலுக்கு அவனுக்கு 60 நாள் இருக்கிறது. தீர்ப்பு நகல் அவனுக்கு இலவசம், எங்களுக்கு நகல் மனு. திங்கட்கிழமை போடுகிறோம். பேட்டா வாங்காமலே வீடு திரும்பிய மூன்று சாட்சிகள் நோட்டில் பாக்கி இருக்கிறார்களாம். அந்த மனுக்களையும் அன்றைக்கே நாங்கள் எழுதிக்கொண்டு வருகிறோம், ஏட்டையா.