கோட்டு மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

பிளஸ் 2 வேதியியல் செய்முறை வகுப்புகளுக்குப் பெரும்பாலும் வெள்ளைக் கோட்டு ஒன்றே பாதுகாப்பாகக் கருதப்படுகிறது. அதையும் பாலியஸ்டர் துணியில் தைத்தால் ஆபத்து. ஆய்வக எரிவாயு அடுப்பான புன்சன் பர்னரின் சுடர் பட்டதும் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். முழுக்கைப் பருத்திக் கோட்டே சரி. துப்பட்டாவைக் கோட்டுக்குள் செருகி, சடையை மடித்துக் கட்ட வேண்டும். செருப்புக்குப் பதில் மூடிய ஷூ.

கண்தான் பெரிய கவலை. தரப்பட்ட உப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் உப்புப் பகுப்பாய்வில் அம்மோனியாவைக் கண்டறிய, உப்புடன் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரக் கரைசல் சேர்த்துச் சூடாக்குவார்கள். சோதனைக் குழாயின் அடியை மட்டும் சுடரில் பிடித்தால் கரைசல் திடீரெனப் பீறிட்டு வெளியே தெறிக்கும். அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குள் ஆழமாக இறங்கும். பவர் கண்ணாடி இதைத் தடுக்காது, பக்கவாட்டில் திறந்திருக்கிறதே! அதன்மேலேயே அணியக்கூடிய, பக்கங்கள் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி ஒவ்வொருவருக்கும் தேவை. தெறித்துவிட்டால் இமையை விரித்து, ஓடும் குழாய்நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவியபடி இருக்க வேண்டும். பிறகு உடனே மருத்துவமனை. அமிலத்துக்குக் காரம், காரத்துக்கு அமிலம் என்று கண்ணில் எதையும் ஊற்றவே கூடாது.

திரவத்தை அளந்தெடுக்கும் பிப்பெட் குழாயை வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்னும் தொடர்வது வேதனை. அப்படி உறிஞ்சப்படும் ஆக்சாலிக் அமிலம் நஞ்சு. வாய்க்குப் பதில் உறிஞ்சித் தரும் ரப்பர் பல்பு பெரிய செலவில்லை. பொதுத்தேர்வுக்கு முன்பே எல்லா ஆய்வகங்களுக்கும் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் பல்பும் வாங்கித் தர வேண்டுகிறோம்.

– வேதியியல் ஆசிரியர்கள் சிலர்